நாற்பத்தோராம் வீட்டு ரெகுலேட்டர்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் மில் லைனில் எதிரெதிராக இரண்டு வரிசையில் இருக்கிற தொண்ணூற்றாறு வீட்டு முன்சுவரிலும், மீட்டர் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி, வீட்டுக்கு ஒன்றாக ஃபேன் ரெகுலேட்டர் முளைத்திருந்தது. முளைத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுவரில் துளை போட்ட தூள் கீழே கிடக்கவில்லை, ஒயர் எங்கேயும் ஓடவில்லை, முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் அந்த இடத்தில் சுண்ணாம்பைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. வாசல் தெளிக்க வாளியோடு வந்தவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்கள், அதன் மேல் தண்ணி படாமல் கொஞ்சம் தள்ளித் தெளித்தார்கள், கோலத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார்கள். பத்து மணிக்கு ரீடிங் எடுக்க வந்த மின்வாரியத்துக்காரர் முதல் நாலு வீட்டில் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, இது நம்ம டிபார்ட்மென்ட் இல்லீங்க என்று சொல்லி, மீட்டரை மட்டும் குறித்துக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் பாதி வீடுகள் அதற்கு மஞ்சள் வைத்து முடித்துவிட்டன.

நான் மயிலாத்தாள். நாற்பத்தோராம் நம்பர் வீடு. முப்பது வருஷமாகத் தையல். இந்த லைனில் நான் அளவெடுக்காத உடம்பு கிடையாது, யாருக்கு இடுப்பு எத்தனை, அதில் எத்தனையை மூச்சை இழுத்துப் பிடித்துக் குறைத்தார்கள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும், அதனால் என்னிடம் யாரும் வாலாட்டுவதில்லை. ஒருத்தியைத் தவிர. அவள் எனக்கு நேர் எதிரே, எண்பத்தொன்பதாம் நம்பரில் இருக்கிற என் கூடப்பிறந்த தங்கச்சி பாப்பாத்தி.

அந்தக் கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் லைனில் வேறு யாராவது வேறு மாதிரி சொல்லுவார்கள். மூன்று வருஷத்துக்கு முந்தி பாப்பாத்தி மகள் நிரஞ்சனா பட்டம் வாங்கினாள். அன்றைக்குப் போட்டுக்கொள்ளப் பட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தது நான். ஓரத்தில் பிடிப்புத் துணி விட மறந்து, அரை இஞ்ச் உள்ளே தள்ளி வெட்டிவிட்டேன். பிள்ளை மேடையில் ஏறிக் கையை நீட்டிப் பட்டத்தை வாங்கினதும் அக்குள் டர்ரென்று விட்டுவிட்டது. அன்றைக்கு வந்து விருந்து சாப்பிட்ட பத்துப் பேர் முன்னால் பாப்பாத்தி சிரித்துக்கொண்டே, அக்காவுக்கு இப்பெல்லாம் கண்ணு தெரியறதில்லை என்று சொல்லிவிட்டாள். எனக்கு வந்ததே கோபம். அவள் வீட்டு நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, இனி இந்த வீட்டுத் துணியில என் ஊசி எறங்காது என்று கத்திவிட்டு வந்தேன். அன்றையிலிருந்து அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போதாக்குறைக்கு மறுநாளிலிருந்து அவள் வீட்டில் டிவி ராத்திரி பகல் என்று இல்லாமல் அலறும், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அலறும். என் வாயை அடைக்கத்தான் வைக்கிறாள் என்று நானும் பதிலுக்கு மிஷினை வேகமாக மிதிப்பேன்.

இப்போது நிரஞ்சனாவுக்குக் கல்யாணம். பத்து நாள்தான் இருந்தது. பாப்பாத்தி தாம்பாளத்தில் பத்திரிகையும் குங்குமமும் வைத்துக்கொண்டு வரிசையாக எல்லா வீட்டுக்கும் கொடுத்துக்கொண்டு வந்தாள், நாற்பதாம் நம்பரில் கொடுத்தாள், என் வாசலைத் தாண்டி நாற்பத்திரண்டாம் நம்பரில் கொடுத்தாள். நான் மிஷினுக்கு முன்னால் குனிந்து, நூலே இல்லாத ஊசியில் ஒரு முழத் துணியைத் தைத்துக்கொண்டிருந்தேன். தொட்டில் போட்ட நாளிலிருந்து நான் தைத்துப் போட்ட பிள்ளை அது. அதன் கல்யாணத்துக்கு யார் கூப்பிடாவிட்டாலும் நான் போய்விடுவேன், ஆனால் தங்கச்சி கூப்பிடாமல் தங்கச்சி வீட்டுக்குப் போக முடியுமா, சொல்லுங்கள்.

சரி, ரெகுலேட்டருக்கு வருகிறேன். லைனில் என் வீட்டுக்கு மட்டும் மேலே ஒரு மாடி உண்டு. அதில் தண்டபாணி என்ற பையனும் அவன் பெண்டாட்டி கோகிலவாணியும் வாடகைக்கு இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு வாத்தியம் செய்கிறார்கள். தந்தி கிடையாது, தோல் கிடையாது, ஊத ஓட்டை கிடையாது, எல்லாச் சத்தத்தையும் கணக்குப் போட்டே உண்டாக்குமாம், சினிமாவுக்கு இசை போடுகிறவர்கள் வாங்குவார்களாம். பேர் தும்பி. கணக்கெல்லாம் தண்டபாணி வேலை. அந்தக் கணக்கைத் திருப்புவதற்குத் திரையில் நாப் நாப்பாக வரைந்து, எது எங்கே இருந்தால் ஆளுக்குப் புரியும் என்று யோசிப்பது கோகிலவாணி வேலை. அந்தத் திருகு குமிழை அவள் நாப் என்பாள். ஃபேனுக்கு இருப்பது போலவே இருந்ததால் எங்கள் லைனுக்கு அது கடைசி வரைக்கும் ரெகுலேட்டர்தான்.

அவளுடைய வேலை முறை ஒன்று எனக்கு ரொம்ப நாளாகப் பிடிக்கவில்லை. ஒன்றும் தெரியாத ஆளாகப் பார்த்துக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, மழைக்கு முன்னால் வருகிற காத்து மாதிரி ஒரு சத்தம் வர வையுங்க்கா என்பாள். அப்புறம் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிவிடுவாள். கீழ் வீட்டில் இருந்ததால் முதல் ஆள் நான். ஒரு மணி நேரம் எதை எதையோ திருப்பினேன், கிடைத்தது லாரி பின்னால் வருகிற சத்தம். எதைத் திருப்பணும் என்று கேட்டால் சிரிப்பாள், எழுதுவாள், சொல்ல மாட்டாள். வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கறே என்று திட்டினேன். எல்லாம் முடிந்து டீ கொடுக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தா நீங்க கரெக்டாத் திருப்பிருவீங்க்கா. தும்பி வாங்கறவங்க வீட்டுக்கெல்லாம் நான் போய் உக்கார முடியாதுல்ல. நீங்க தடுமாறினா அது உங்க தப்பில்லை, என் தப்பு. அதைப் பாக்கத்தான் உக்காந்திருக்கறேன்."

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவன் தண்டபாணி. தொண்ணூற்றாறு நாப் எழுதி வைத்திருந்தான், ஒன்றையும் எடுக்க விடமாட்டான், ஒவ்வொன்றும் பெற்ற பிள்ளை போல அவனுக்கு. எது எதற்கு என்று கேட்டால் பாதிக்கு அவனுக்கே நினைவில்லை, பேர்கூட வைக்கவில்லை, வெறும் நம்பர்தான். ஆனால் கையை வெக்காதே, வேற எதாச்சும் நின்னுரும் என்பான். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் இருவருக்கும் பெரிய வாக்குவாதம். இத்தனையையும் வெக்கறதுக்குத் திரை பத்தாது, ஒரு தெருச் செவுரே வேணும் என்று அவள் கத்தினது, கீழே பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. மறுநாள் காலையில் தெருச் சுவரில் இருந்தது. அது யார் காதில் விழுந்து யார் கொடுத்தார்கள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. கேட்டது கிடைத்தது, அவ்வளவுதான். ஒன்று மட்டும் சீக்கிரம் தெரிந்துபோனது, அவள் திரையில் ஒன்றை அழித்தால் சுவரிலும் அது மறைந்துவிடும். பன்னிரண்டாம் வீட்டுக்காரர்கள் தங்களுடையதைக் காணோம் என்று மாடிக்குக் கீழே வந்து கூச்சல் போட்டதும் திரும்ப வரைந்து கொடுத்துவிட்டாள்.

எதைத் திருப்பினால் என்ன ஆகும் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது, ஏனென்றால் யார் வீட்டு ரெகுலேட்டரும் அவரவர் வீட்டில் வேலை செய்யாது, வேறு யார் வீட்டிலோதான் செய்யும். ஏழாம் வீட்டில் திருப்பினால் ஐம்பத்து மூன்றாம் வீட்டுக் குக்கர் விசில் நாயன ஓசைக்கு ஏறியது, இருபத்திரண்டில் திருப்பினால் மூன்றாம் வீட்டு நாய் குரைத்தது இரண்டு தடவை எதிரொலித்து அந்த நாயே திரும்பிப் பார்த்தது, அறுபதில் திருப்பினால் பதினெட்டாம் வீட்டு மாமியாரின் பேச்சில் கூர் மட்டும் வடிந்துபோய் மிச்சம் இதமாக வந்தது. அந்த மருமகள் தினமும் பத்து மணிக்கு ஒரு டம்ளர் மோரோடு அறுபதாம் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். மாமியாருக்கு விஷயம் தெரிந்து, அவரும் போண்டாவோடு போனார். அறுபதாம் வீட்டுக்காரி அந்த வாரம் சமைக்கவே இல்லை. தன் வீட்டுச் சத்தம் யார் கையில் இருக்கிறது என்று தெரியாததால் லைனில் எல்லாரும் எல்லாரிடமும் மரியாதையாக நடந்துகொண்டார்கள், தண்ணிக் குழாயடியில் வழி விட்டார்கள், போன வருஷத்துச் சண்டைகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். புதன்கிழமை சாயங்காலம் வேறொரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் ஜாதகத்தோடு வீட்டு ரெகுலேட்டர் எதைத் திருப்பும் என்றும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

என் வீட்டு ரெகுலேட்டர் மட்டும் ஒன்றுமே செய்யவில்லை. வரும்போதே வலது கோடியில் முழுசாக வைத்தபடி வந்தது. இடது பக்கம் திருப்பிவிட்டு வீடு வீடாக ஓடி, ஏதாச்சும் கேக்குதா, ஏதாச்சும் கொறையுதா என்று கேட்டேன், எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள், திரும்பி வந்து பழையபடி வலது கோடிக்கே வைத்தேன். ஊருக்கெல்லாம் உபயோகமான பொருளைக் கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் சுவரில் ஒட்டின பட்டனைக் கொடுத்திருக்கிறார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னிடம் துணி கொடுக்க வருகிறவர்கள்கூட அதைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்கள்.

வியாழக்கிழமை, தும்பியை வாங்குவதாகச் சொல்லியிருந்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. முன்பக்கத்தில் பன்னிரண்டு நாப்தான் இருக்கலாம். மிச்சத்தை உள்ளே ஒரு சின்னக் கதவுக்குப் பின்னால் வைக்கலாம், வேண்டியவர்கள் திறந்துகொள்வார்கள். எதற்கென்றே தெரியாத நாப் இருந்தால் அடியோடு எடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணி கெடு. லைன் முழுக்க மாடிப்படியில் ஏறி இறங்கியது. என் வீட்டை முன்பக்கத்தில் வை அம்முணி என்று தேங்காய் பர்பி வந்தது, முறுக்கு வந்தது, கதவுக்குப் பின்னால் என்றால் வாஸ்துப்படி எந்தத் திசை என்று கேள்வி வந்தது. எனக்காகப் பரிந்து பேச ஒருவரும் வரவில்லை, நானும் போகவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கோகிலவாணியே இறங்கி வந்து என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்களுது ஒண்ணுதான் எதுக்குன்னு தெரியலை. எல்லா வீட்லயும் கேட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு."

"தொண்ணூத்தஞ்சு வீட்லயுமா?"

நான் துணியைத் திருப்பிப் போட்டேன். "தொண்ணூத்தி நாலு" என்றேன்.

அவள் எதிர் வீட்டைப் பார்த்தாள். டிவி அலறிக்கொண்டிருந்தது. எடுக்கறதுன்னா எடுத்துத் தொலை, எனக்கென்ன வந்தது என்று சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. எடுத்தால் மறைவதோடு முடியாது, இப்போது எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்திலேயே நிரந்தரமாக நின்றுவிடும், பிறகு தண்டபாணி நினைத்தாலும் திருப்ப முடியாது என்றாள். அது வலது கோடியில் முழுசாக நிற்கிறது. மிச்சம் இருப்பது ஒரே வீடு. அந்த வீட்டில் அது என்ன செய்துகொண்டிருக்கிறதோ, அதை ஆயுசுக்கும் செய்துகொண்டிருக்கும்.

எனக்குக் கை நின்றுவிட்டது. கல்யாணம் நடக்கப் போகிற வீடு. பிள்ளை அந்த வாசலிலிருந்துதான் கிளம்ப வேண்டும். எனக்குப் பாப்பாத்தியோடு எத்தனை இருந்தாலும், என் சுவரில் இருக்கிற ஒன்று அந்த வீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க விட முடியுமா? நான் அங்கே வர மாட்டேன், அதை மட்டும் கேட்காதே என்றேன். வர வேண்டாம், திருப்புகிறவருக்குக் கேட்காது, கேட்கிறவர்தான் சொல்ல வேண்டும், நீங்கள் இங்கே நின்று திருப்புங்கள், நான் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள். எழுந்து போகும்போது, நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்க்கா, அந்த வீட்டுக்காரங்க வாயால வந்தாத்தான் கணக்கு என்று சொல்லிவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு தெருவைத் தாண்டிப் போனாள்.

அதற்குள் லைனே வெளியில் வந்துவிட்டது. பெஞ்சு போட்டு உட்கார்ந்தவர்களும் உண்டு. நான் ரெகுலேட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர் வீட்டுக்குள் கோகிலவாணி ஏதோ கேட்பதும், பாப்பாத்தி மறுப்பதும், நிரஞ்சனா குறுக்கே பேசுவதும் அரைகுறையாகத் தெரிந்தது. அப்புறம் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த டிவி நின்றது.

டிவி நின்றதும் கேட்டது. மெல்லிசாக, நீளமாக, அந்த வீட்டுக் கூடத்திலிருந்து ஒரு பொம்பளைக் குரல். இனி இந்த வீட்டுத் துணியில என் ஊசி எறங்காது, எறங்காது, எறங்காது என்று நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. ரெகுலேட்டர் முளைத்தது செவ்வாய்க்கிழமைதான், ஆனால் அந்தக் குரல் மூன்று வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. அது யார் குரல் என்று எனக்கு ஒரு நொடி தெரியவில்லை, இப்படியொரு கெட்ட குரல் யாருக்கு இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தேன், எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடி ஜன்னலில் நின்றிருந்த தண்டபாணி தலையில் அடித்துக்கொண்டான். வாத்தியக் கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகு சத்தம் எத்தனை நேரம் நீடிக்க வேண்டும் என்பதற்கு எழுதின நாப் அது, மறந்தே போய்விட்டேன் என்று மேலேயிருந்து கத்தினான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நாள் கோபம், ஒரு வாய்ச் சொல், சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். அவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே சமைத்திருக்கிறார்கள், கேட்டுக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள். என் வாயை அடைக்கத்தான் டிவி வைக்கிறாள் என்று நினைத்தேன், நினைத்தது சரிதான், ஆனால் இப்படி என்று தெரியாது. இடது பக்கம் திருப்பினேன். குரல் குட்டையானது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். இந்த வீட்டுத் துணியில என்கிற வரைக்கும் வந்து நின்றது, அப்புறம் இனி என்பதோடு நின்றது, அப்புறம் தெருவில் நின்ற எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே கேட்கிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? கோகிலவாணி வாசலில் வந்து நின்றாள், நான் கண்ணாலேயே கெஞ்சினேன், அந்தப் பாவி உதட்டைப் பிரிக்கவில்லை. மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

பாப்பாத்தி வெளியே வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியில் நின்றாள்.

"போதும்க்கா" என்றாள். "நின்னுருச்சு."

தங்கச்சி வாயிலிருந்து அக்கா என்ற சொல் வந்து மூன்று வருஷம் ஆயிற்று. நான் ரெகுலேட்டரை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் அங்கேயே நின்று, எனக்கு மட்டுந்தான் காதுல நிக்குதுன்னு நெனச்சேன், வெளிய சொன்னா பைத்தியம்பாங்களேன்னு டிவியப் போட்டுக்கிட்டேன் என்றாள். நிரஞ்சனா உள்ளேயிருந்து, எனக்கும் அப்படித்தான்மா, எனக்கு மட்டுந்தான்னு நெனச்சுட்டிருந்தேன் என்றாள். மூன்று வருஷம் ஒரே கூரைக்குள் ஆளுக்கு ஆள் மறைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். அப்புறம் நிரஞ்சனாதான் உள்ளே ஓடி, டிவிக்கு அடியிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து வந்து அம்மா கையில் திணித்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, உறையில் பெரிய எழுத்தில் என் பேர் எழுதியிருந்தது. முதலில் எழுதின பத்திரிகை அதுதானாம். பாப்பாத்தி தெருவைத் தாண்டி வந்து அதைக் கொடுத்தாள், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன், பெஞ்சில் இருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

மணி நாலரை. கோகிலவாணி மாடிக்கு ஓடினாள். என் ரெகுலேட்டரை முன்பக்கப் பன்னிரண்டில் முதலாவதாக வைத்தாள். தும்பியிலேயே ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த நாப் அது ஒன்றுதான் என்று பிறகு சொன்னாள். மற்ற எண்பத்து நாலும் அந்தந்த வீட்டு மீட்டர் பெட்டிக்குள் இடம் மாறிக்கொண்டன, வேண்டியவர்கள் திறந்துகொள்கிறார்கள். பதினெட்டாம் வீட்டு மருமகள் அறுபதாம் வீட்டுக்குப் போய்த் தினமும் திறக்கச் சொல்கிறாள்.

கெடுவுக்குள் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு அவள் திரும்பி இறங்கி வந்தபோது, பாப்பாத்தி என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிரஞ்சனாவின் முகூர்த்த ஜாக்கெட். டவுனில் பெரிய கடையில், கண்ணாடி ரூமுக்குள் வைத்துத் தைத்தது. போட்டுப் பார்த்தால் கை ஏறவில்லை என்றாள். உள்பக்கத்தைத் திருப்பித் தடவினேன். கடைக்காரன் பிடிப்பே விடவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன். ஆனாலும் சிரிக்காமல், அக்குளில் ஒரு துண்டு வைத்துக் கொடுத்தால் வெளியே தெரியாது, அரை மணி நேர வேலை என்றேன். பாப்பாத்தி தலையை ஆட்டினாள். ஊசியை எடுத்தேன், நூலை எடுத்தேன், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். இரண்டு வருஷமாக இந்த இடத்தில்தான் நான் யாரும் பார்க்காமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை நூல் கோக்கக் கூப்பிடுவேன்.

"நூல மட்டும் நீ கோத்துக் குடு பாப்பாத்தி" என்றேன். "எனக்குக் கண்ணு தெரியறதில்லை."

அவள் வாங்கினாள். நூல் நுனியை வாயில் வைத்து நனைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள், தவறியது. திரும்ப நனைத்துக் குத்தினாள், திரும்பவும் தவறியது. மூன்றாவது தடவை ஊசிக்கு அந்தப் பக்கம் ஒரு விரற்கடை தள்ளிக் காற்றில் குத்திவிட்டு என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோகிலவாணி ஒரு கை தூரத்தில், நல்ல கண்ணை வைத்துக்கொண்டு, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள், வழக்கம் போல வாயே திறக்கவில்லை.